அறுவை

மூன்றாம் குறுக்குத் தெருவில்
முப்பத்தொரு வருஷம் துணி அளந்த
ஜவுபர் நானாவுக்குப் பித்தப்பையில் கல்.
பெரியாஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில்.
மருதானைப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம்
அவர் தலைமாட்டில்தான் ஹோர்ன் அடிக்கும்.

சம்மதப் பத்திரம் வாசித்துக் காட்டுவது என் வேலை.
டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில்,
நோயாளி தமிழில் பயப்படுவதைச் சிங்களத்தில்.

“சத்திரசிகிச்சைக்கு உடன்படுகிறேன்” என்றேன்.
“சத்திரமா? எத்தன நாள் தங்கணும், தங்கச்சி?”
“அந்தச் சத்திரம் இல்ல, நானா.
அக்கரையில அறுவை எண்டு சொல்வாங்க.”
“அறுவையா!
அது படத்துல, சிரிப்பு வராத பகிடிக்குச் சொல்றதெல்லா?”

அப்போது அவரிடம் சொல்லவில்லை.
காலையில் தேநீர் குடித்தும் இருக்கவில்லை,
அகராதி பேசும் நேரமா அது.

அறுவை என்றால் துணி.
அறுவைக்கு முதல் அர்த்தமே துணி.
தறியிலிருந்து அறுத்து எடுத்ததால் அறுவை.
மதுரைப் பக்கம் ஒரு குகைக் கல்லில்
அறுவை வணிகன் ஒருவனின் பெயர் இன்னும் இருக்கிறது,
துணி விற்றவனுக்குப் பாறை கிடைத்திருக்கிறது,
எழுத்து கொஞ்சம் கோணல்.
பிறகெப்போதோ
துணியைக் கீழே போட்டுவிட்டுக்
கத்தியை மட்டும் வைத்துக்கொண்டது சொல்.

துணியும் அப்படித்தான். துண்டும்.
உடுப்பதற்கு நாம் வைத்த பேரெல்லாம்
வெட்டுக்காயங்கள்.
ஒன்றுக்கு மட்டும் இன்னொரு குரல் உண்டு:
ஏவலாகச் சொன்னால், துணி.
பயப்படாதே, இறங்கு.

தாதி சமன்மலி பச்சை அங்கியோடு வந்தாள்,
முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும் அங்கி.
அவர் உடுத்திருந்த கட்டம்போட்டதைக் காட்டிக்
“கம்பாய” என்றாள்.
“கம்பாயம்” என்று அவிழ்த்து மடித்துக் கொடுத்தார்.
அந்த ஒரு சொல்லுக்கு
ஆஸ்பத்திரி எனக்குச் சம்பளம் தரத் தேவையில்லை.
கம்பாத் என்றொரு துறைமுகம் இருந்ததாம்,
அதன் பேர்தான் இது என்பார்கள்.
சேறேறிக் கப்பல் நின்றுபோன ஊர்
இரண்டு பாஷைகளில்
இடுப்பில் சுற்றியபடியே இருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் நானா கேட்டார்:
“டொக்டரிட்ட ஒண்டு கேளுங்க.
நாங்க கடையில கத்திரியால முழுசா வெட்டமாட்டம்.
விளிம்புல ஒரு விரற்கடை மட்டும்.
மிச்சம் கையாலதான், சர்ரெண்டு.
இழை தன்பாட்டுல நேராப் போகும்.
இழைக்குக் குறுக்க வெட்டினாப் பிசிறும்.
இவர் எப்பிடி?”

மொழிபெயர்த்தேன்.
‘பிசிறு’க்குச் சிங்களம் வரவில்லை,
விரலால் காற்றைக் கிழித்துக் காட்டினேன்.

டொக்டர் சிரிக்கவில்லை.
அவருடைய சட்டையை விலக்கி
வலது விலாவுக்குக் கீழே
சாய்வாகப் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.
தோலுக்கும் இழை உண்டென்று சொல்லுங்கள், என்றார்.
அதன் போக்கில் வெட்டினால் தழும்பு மெல்லிசாகும்.

நானா குனிந்து கோட்டைப் பார்த்தார்,
கலர் போகுமா என்று
புதுச் சரக்கைப் பார்க்கிற மாதிரி.
“சரி. வெட்டச் சொல்லுங்க.”

பத்தேகாலுக்குத் தள்ளுவண்டி போனது.

மத்தியானம் சலவைப் பைகளுக்கு அட்டை எழுதினேன்.
சத்திரசிகிச்சைத் துணி என்று எழுத
அட்டையில் இடம் போதவில்லை.
அறுவைத் துணி என்று எழுதிவிட்டு
மார்க்கரை மூடாமல் நின்றேன்.
துணித் துணி.
வெட்டிய வெட்டு.
எப்படி வாசித்தாலும்
ஒரே பொருளை இரண்டு தரம் மூட்டை கட்டியிருந்தேன்.

சலவைக்காரர் பைகளைத் தராசில் தூக்கிப் போட்டார்.
பதினெட்டுக் கிலோ.
ஈரம் கூட, என்றார்.